டோசிமெட்ரி படிக்கலாமா? கடலோரத்திலிருந்து வந்த கேள்விகள்

போன இதழில் புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று எழுதும்போது மெடிக்கல் டோசிமெட்ரி, அதாவது நோயாளிக்குக் கதிர் எங்கே, எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் திட்டமிடுகிற வேலை பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் அதிகம், அதுவும் தொண்டியில் தொடங்கி சாயல்குடி வரைக்கும் நம்ம ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து. எல்லாவற்றுக்கும் எழுத இடமில்லை, சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். நானும் மதுரையில் ஒரு மருத்துவமனையின் பிளானிங் அறையில் உட்கார்ந்து இதே வேலையைப் பார்க்கிறவன் என்பதால் பதிலில் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். அமெரிக்காவில் மெடிக்கல் டோசிமெட்ரியில் ஒரு வருட பட்டதாரிச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது, முடித்தால் கை நிறையச் சம்பளம் என்கிறார் ஒரு ஏஜென்ட். காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார், வாப்பாதான் யோசிக்கிறார். அது என்ன வேலை என்று வீட்டில் விளக்கிச் சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை. போகலாமா? – ஒரு வாசகி, கீழக்கரை

முதலில் வேலையைச் சொல்கிறேன் தங்கச்சி, வாப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

வெற்றிலை புகையிலைப் பழக்கத்தில் கன்னத்தில் புற்றுநோய் வந்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, இனிக் கதிர்வீச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி, ஆறியதும் அதே முகத்தின் அச்சில் ஒரு மாஸ்க் ஆக்கி, அதை மாட்டி அசையாமல் படுக்கவைத்து சி.டி. எடுப்பார்கள். மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்று என்று நூற்றுக்கு மேல் படங்கள் எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். கதிர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று டாக்டர் வரைவார். எங்கெல்லாம் படக்கூடாதோ அதை டோசிமெட்ரிஸ்ட் வரைய வேண்டும். தண்டுவடம், மூளைத்தண்டு, கண், தாடை எலும்பு, காதுக்குக் கீழே இருக்கிற பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி, இப்படி ஒவ்வொன்றையும் அது தெரிகிற ஒவ்வொரு படத்திலும் வரைய வேண்டும். அப்புறம்தான் கணக்கு. ஒரு நாளைக்கு 2 கிரே (உடம்பு வாங்குகிற கதிரை அளக்கிற அலகு இது), 30 நாளில் 60 கிரே என்று டாக்டர் எழுதியிருந்தால், அது கட்டி இருந்த இடத்துக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும், தண்டுவடம் 45 கிரேயைத் தாண்டக்கூடாது, பரோட்டிட்டுக்குச் சராசரி 26 கிரேக்குள் நிற்க வேண்டும். எந்தக் கோணத்தில் விட்டால் இது நடக்கும் என்று கோணத்தை மாற்றி, ஒவ்வொரு உறுப்புக்கும் கொடுத்த வரம்பை இறுக்கி, தளர்த்தி, கம்ப்யூட்டரை மறுபடி மறுபடி கணக்குப் போடவைத்து ஒரு பிளானைக் கொண்டுவருவதுதான் இந்த வேலை. பிசிசிஸ்ட், அதாவது மருத்துவ இயற்பியலாளர், அதைச் சரிபார்ப்பார், டாக்டர் கையெழுத்துப் போடுவார், ஆள் இல்லாமல் மெஷினில் ஒருமுறை ஓட்டி அளந்து பார்ப்பார்கள், அதன் பிறகுதான் நோயாளி மேஜையில் படுப்பார்.

பரோட்டிட்டில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். நோய் குணமாகி வீட்டுக்குப் போன மனுஷனுக்கு வாய் வறண்டுபோய், ரசமோ மோரோ ஊற்றாமல் ஒரு வாய்ச் சோறு இறங்காது, ராத்திரி தலைமாட்டில் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் படுக்க வேண்டும். வருஷக் கணக்கில் இப்படி இருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பொறுப்பு பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

இனி ஏஜென்ட் சொன்னது. அமெரிக்காவில் இது தனிப் பதவி, ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் என்பதும் பொய்யில்லை. ஆனால் அந்தச் சம்பளம் எம்.டி.சி.பி. என்ற வாரியம் நடத்தும் தேர்வில் தேறி சி.எம்.டி. (சான்று பெற்ற டோசிமெட்ரிஸ்ட்) என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறவர்களுக்கு. 2017-லிருந்து அந்தத் தேர்வு எழுத இரண்டு விஷயம் கட்டாயம்: கையில் ஒரு இளநிலைப் பட்டம், அதோடு ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. என்ற அமைப்பு அங்கீகரித்த, குறைந்தது 12 மாதம் நடக்கிற டோசிமெட்ரி படிப்பு. ஆகவே ஏஜென்ட் காட்டும் கல்லூரியின் பெயரை நீங்களே ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. இணையதளத்தில் தேடிப் பாருங்கள். அதில் இல்லையென்றால் அங்கே எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் தேர்வு வாசலில் உங்களை நிறுத்திவிடுவார்கள், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பெயர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நம்முடைய மூன்று வருட பி.எஸ்சி.யை அங்கே நாலு வருடப் பட்டத்துக்குச் சமம் என்று பல இடங்களில் ஏற்பதில்லை, பட்ட மதிப்பீடு செய்கிற நிறுவனத்திடம் முன்கூட்டியே சான்று வாங்கிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இந்தச் சான்றிதழ் படிப்புகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அங்கே கதிர்வீச்சு மெஷினை இயக்கிக்கொண்டிருக்கும் தெரபிஸ்ட்டுகள். உடலின் குறுக்குவெட்டுப் படம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஒரு வருடம் போதும். நேராக இயற்பியலிலிருந்து போகிறவர்களைச் சில இடங்களில் எடுக்கிறார்கள்தான், ஆனால் உடற்கூறியல் எங்கே படித்தாய் என்று கேட்பார்கள். மூன்றாவது, மருத்துவமனைகளே நடத்துகிற சின்னச் சின்ன படிப்புகள் இதில் உண்டு, அவை எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கிற அனுமதி இருக்காது. மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் தருவீர்களா என்று ஏஜென்ட் மூலமாக இல்லாமல் நீங்களே மெயில் எழுதிக் கேளுங்கள். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை செய்ய விசா கிடைக்குமா என்பது அதற்கு மேலே தனிக் கதை. காக்கா பணம் அனுப்பத் தயார் என்கிறீர்கள், இந்த மூன்று பதிலும் எழுத்தில் கைக்கு வருகிறவரைக்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

நம்ம நாட்டில் என்ன நிலைமை என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் டோசிமெட்ரிஸ்ட் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் மருத்துவமனைகளில் இந்தப் பெயரில் நாற்காலி கிடைப்பது அரிது. பிளான் போடுகிற வேலையை இங்கே பெரும்பாலும் மெடிக்கல் பிசிசிஸ்ட்டே பார்க்கிறார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., கதிர்வீச்சு சிகிச்சை நடத்தும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்பதும் டாக்டர், பிசிசிஸ்ட், மெஷினை இயக்குகிற டெக்னாலஜிஸ்ட், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஆகியோரைத்தான். அதனால் அமெரிக்கச் சான்றிதழோடு திரும்பி மதுரைக்கு வந்தால் அதை எந்தப் பதவிக்கு எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

உங்களிடம் பி.எஸ்சி. இயற்பியல் இருக்கிறது. நான் உங்கள் அண்ணனாக இருந்தால் அண்ணா பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்களில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸுக்கு விண்ணப்பம் போடச் சொல்வேன். இல்லையென்றால் சாதாரண எம்.எஸ்சி. இயற்பியலை நல்ல மார்க்கில் முடித்துவிட்டு மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1962-லிருந்து நடத்திவரும் ஒரு வருட ரேடியலாஜிக்கல் பிசிக்ஸ் டிப்ளமோவுக்கு முயற்சி செய்யலாம். எதுவானாலும் படிப்புக்குப் பிறகு மருத்துவமனையில் ஒரு வருடப் பயிற்சி கட்டாயம். அதை முடித்தால் பிளான் போடுகிற வேலையும் கிடைக்கும், பாதுகாப்பு அதிகாரி தேர்வும் எழுதலாம், பின்னாளில் அமெரிக்கா போக நினைத்தாலும் கையில் முதுநிலைப் பட்டம் இருக்கும். நாள் கொஞ்சம் கூடப் பிடிக்கும். வாப்பா யோசிக்கிறார் என்றால் அவர் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

மகள் இந்தப் படிப்புதான் வேண்டும் என்கிறாள். கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் வேலை பார்த்தால் நாளைக்குப் பிள்ளைப்பேறு தங்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நான் பாசி எடுக்கப் போகிறவள், எனக்கு விவரம் தெரியாது. இதை மகள்தான் எழுதித் தருகிறாள். – ஒரு தாய், சின்னப்பாலம், பாம்பன்

அக்கா, பயப்பட வேண்டாம். கதிர்வீச்சு என்றதும் எல்லோரும் கூடங்குளத்தை நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் மகள் உட்காரப்போவது ஏ.சி. போட்ட அறையில், இரண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால். மெஷின் வேறு அறையில், மீட்டர் கணக்கில் கனமான கான்கிரீட் சுவருக்குள் இருக்கும். அது கரண்டில் ஓடுகிற மெஷின், சுவிட்சை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். கோபால்ட் மெஷினாக இருந்தால் உள்ளே இருக்கிற கதிரியக்கப் பொருள் எப்போதும் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும், அதற்கென்று கனத்த உலோகக் கூட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

கதிர் இருக்கிற இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பி எவ்வளவு பட்டிருக்கிறது என்று அளப்பார்கள். இந்தியச் சட்டப்படி ஒரு பணியாளருக்கு ஐந்து வருடத்தில் மொத்தம் 100 மில்லிசீவர்ட் (உடம்பில் பட்ட கதிரின் பாதிப்பை அளக்கிற அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கிற மனுஷருக்கே உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பிளானிங் அறையில் இருப்பவர்களின் பேட்ஜில் இந்த இயற்கை அளவுக்கு மேல் பெரிதாக ஒன்றும் ஏறாது. கர்ப்பமானால் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும், அதற்கு ஏற்றபடி வேலையை மாற்றித் தருவார்கள். கல்யாணத்துக்கு இதைக் காரணம் காட்டி ஒரு வரன் தட்டிப்போனால், போகட்டும்.

உங்களைப் பற்றி எழுதியிருப்பதால் ஒன்று சொல்கிறேன். இடது மார்பில் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர் கொடுக்கும்போது ஆழமாக மூச்சை இழுத்து இருபது வினாடிபோல அடக்கச் சொல்வோம். நுரையீரல் உப்பி இருதயம் மார்புச் சுவரை விட்டு விலகி நிற்கும், அந்த நேரத்தில் மட்டும் கதிரை விடுவோம். டவுனில் இருந்து வருகிறவர்களுக்கு இதைப் பழக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கடலில் முங்கிப் பாசி எடுக்கிற அக்காமார் வந்தால், ‘இவ்வளவு நேரம்தானா தம்பி’ என்று எங்களைக் கேட்பார்கள்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட்டாக இருக்கிறேன், பி.எஸ்சி. ரேடியோதெரபி முடித்தவன். பிளானிங் பக்கம் போக ஆசை. சான்றிதழ் படிப்பு எனக்கு உதவுமா? – வாசகர், ராமநாதபுரம்

வந்த கடிதங்களிலேயே இந்தப் படிப்பு சரியாகப் பொருந்துகிற ஆள் நீங்கள்தான் தம்பி. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்திருந்தால் பயிற்சி வருடத்தையும் சேர்த்து நாலு வருடம் காட்டலாம், தினமும் நோயாளியைச் சரியாகப் படுக்கவைத்துப் பழகியிருக்கிறீர்கள். பிளான் போடுகிறவர்கள் பலருக்கு இல்லாத ஒரு அறிவு உங்களிடம் இருக்கிறது: திரையில் அழகாகத் தெரிகிற ஒரு கோணம் மேஜையில் நடக்காது, மெஷினின் தலைப்பகுதி சுற்றி வரும்போது நோயாளியின் முழங்கையில் இடிக்கும் என்று உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இப்போதே பணம் கட்டி எங்கும் போக வேண்டாம். ட்யூட்டி முடிந்ததும் உங்கள் பிசிசிஸ்ட்டிடம் கேட்டு உறுப்புகளை வரையப் பழகுங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு வேலை மலைபோலக் கிடக்கும். முதலில் தண்டுவடம், நுரையீரல், சிறுநீரகம். தொண்டைத் தசைகளும் பரோட்டிட்டும் அப்புறம். நீங்கள் வரைந்ததை டாக்டர் எங்கே திருத்துகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது. இங்கே நீங்கள் சட்டப்படி டெக்னாலஜிஸ்ட்டாகத்தான் இருப்பீர்கள், பிளானுக்குக் கையெழுத்துப் பிசிசிஸ்ட்டுடையதுதான், அதில் மனத்தாங்கல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வெளிநாட்டில் சான்றிதழ் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அனுபவத்தைத் துறைத் தலைவர் கடிதமாக எழுதிக்கொடுத்தால் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

கணக்கில் நான் சுமார்தான். சமாளிக்க முடியுமா? – தொண்டி

ஒரு சின்னக் கணக்குத் தருகிறேன். கதிர் புறப்படுகிற இடத்திலிருந்து 100 செ.மீ. தூரத்தில் ஒரு அளவு கதிர் படுகிறது. நோயாளியை 110 செ.மீ.க்குத் தள்ளிவிட்டால் எவ்வளவு படும்? தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும், 100-ஐ 110-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் சுமார் 83 சதவீதம். பத்து செ.மீ. தள்ளிப்போனதில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. இதைப் படித்ததும் சுவாரசியமாக இருந்தால் சமாளித்துவிடுவீர்கள், கொஞ்சம் முக்கோணவியல், மடக்கை, வரைபடம் வாசிப்பது, இவ்வளவுதான் அன்றாடம் வேண்டும். இந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்திருந்தால் வேறு படிப்பு பாருங்கள், கோபப்படாதீர்கள்.

ஏ.ஐ. வந்து இந்த வேலையையும் சாப்பிட்டுவிடும் என்கிறார்களே? – மண்டபம்

வரைகிற வேலையில் பாதியை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டது. நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த உறுப்புகளை இப்போது மென்பொருள் சில நிமிடத்தில் வரைந்து வைத்துவிடுகிறது, பெரும்பாலும் நன்றாகவே வரைகிறது. ஆனால் அது பார்த்துப் பழகியது ஒழுங்கான உடம்புகளை. நம்மிடம் வருகிறவருக்குத் தாடையில் பாதியை எடுத்துவிட்டு மார்புச் சதையை வைத்துத் தைத்திருப்பார்கள், பல்லில் கட்டிய உலோகத்தால் சி.டி. படம் முழுக்க வெள்ளைக் கீற்றாகக் கிடக்கும். அறுவை சிகிச்சையில் எடுத்தே போய்விட்ட சுரப்பியை மென்பொருள் இருக்கிறது என்று வரைந்து வைக்கும். ‘இது இல்லையே’ என்று கண்டுபிடித்து அழிக்க ஆள் வேண்டும். உடற்கூறியல் நன்றாகத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும், மவுஸ் பிடிக்க மட்டும் தெரிந்தவருக்கு இருக்காது. அதனால்தான் படிப்பில் எந்த மென்பொருளைக் கற்றுத் தருகிறார்கள் என்று கேட்பதைவிட, எத்தனை மாதம் மருத்துவமனையில் உட்காரவைப்பார்கள் என்று கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மாத ஆன்லைன் டோசிமெட்ரி டிப்ளமோ, வளைகுடாவில் வேலை உத்தரவாதம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சேரலாமா? – ஏர்வாடி

வேண்டாம். நோயாளியையே பார்க்காமல் ஆறு மாதத்தில் இந்த வேலையைக் கற்றுத்தர யாராலும் முடியாது. வளைகுடா நாடுகளில் உரிமம் வாங்க உங்கள் பட்டத்தையும் அனுபவச் சான்றையும் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் படித்த இடத்துக்கே அனுப்பிச் சரிபார்க்கிறார்கள், அதற்கு மேல் தேர்வும் உண்டு. அந்தச் சோதனையில் இந்த டிப்ளமோ நிற்காது. அந்தப் பணத்துக்கு உடற்கூறியல் புத்தகம் ஒன்று வாங்கலாம், மீதிக்கு வேறு நல்ல காரியம் பாருங்கள்.

சேருவதற்கு முன்னால் இந்த வேலையை ஒருநாள் நேரில் பார்க்க வழி உண்டா? – தேவிபட்டினம்

உண்டு, பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் நல்லது. அமெரிக்கப் படிப்புகள் பலவற்றில் விண்ணப்பிக்கும் முன்பே ஒரு பிளானிங் துறையில் சில மணி நேரம் கூட இருந்து பார்த்ததற்குச் சான்று கேட்பார்கள். கல்லூரித் துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி, மதுரையில் கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிற மருத்துவமனையில் பிசிசிஸ்ட்டைப் பெயர் சொல்லிக் கேட்டு நேராகப் போய்ப் பாருங்கள், போனில் கேட்டால் மாட்டேன் என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். ராம்நாட்டில் காலை பஸ் பிடித்தால் பரமக்குடி, மானாமதுரை வழியாக மூன்று மணி நேரம்போல ஆகும். ஆனால் காலையில் போய் நிற்காதீர்கள், அந்த நேரத்தில் மெஷின் சோதனை, புது நோயாளி சி.டி. என்று யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. இரண்டு மணிக்கு மேல் பிளான் போட உட்காருவார்கள். பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு பிளானை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பாருங்கள், நடுவில் எழுந்து போகாதீர்கள். நோயாளியின் பெயர் திரையில் தெரியும், அதை ஊரில் வந்து யாரிடமும் சொல்லக்கூடாது, போட்டோ எடுக்கவே கூடாது. நாலாவது முறையாக அதே கணக்கை ஓட்டிப் பரோட்டிட்டில் ஒரே ஒரு கிரே குறைந்ததற்கு அவர் சந்தோஷப்படுவார். அதைப் பார்த்து உங்களுக்கும் சந்தோஷம் வருகிறதா, கொட்டாவி வருகிறதா என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எந்தக் கல்லூரி என்று அப்போது பேசலாம்.